பின்கண்ணாடித் தண்டு

செயின்ட் லூயிஸ்,
6 நவம்பர் 1988

அன்புள்ள கோரீனுக்கு,

பாட்டி எழுதுகிறேன். சுகம்தான், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. கார் கம்பெனிக்கு நீ வரைந்த கார் படம் வந்த பத்திரிகையைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். ஞாயிறு சர்ச்சில் எல்லாருக்கும் காட்டினால், "ஓபல், இதோட நாலு தடவை காட்டிட்டே" என்று பக்கத்தில் உட்காரும் ஹேஸல் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்குக் கார் வரைகிற பேத்தி. ஹேஸலுக்கு இருக்கிறாளா?

உன் கடிதம் கிடைத்தது. மூன்று வருஷம் கழித்து, இந்த மாசக் கடைசியில் நன்றித் திருநாள் வான்கோழி விருந்துக்கு வருகிறாய். தாத்தாவின் கார்வெட் காருக்குப் பழையபடி பின்கண்ணாடித் தண்டு வைக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அறுபத்துமூன்றாம் வருஷக் காருக்கு அழகே, கூரைமேல் ஓடி, பின்கண்ணாடியை இரண்டாகப் பிளந்து, வால்வரை இறங்கும் அந்த முதுகெலும்புதான் என்கிறாய். வரைந்தவர்களே அதற்காகச் சண்டை போட்டார்களாமே. அடுத்த வருஷமே ஒற்றைக் கண்ணாடி வந்துவிட்டது. "தாத்தாவுக்கு அந்தத் தண்டை அறுக்க எப்படித்தான் மனசு வந்துச்சோ" என்று கேட்டிருக்கிறாய்.

அந்தக் காரைச் செய்த தொழிற்சாலையில் அவரோடு ஃபைபர் பாடி ஒட்டிய டெல்பர்ட்டும் சாகும்வரை அதைத்தான் கேட்டான். "ஏம்ப்பா வெர்னன், நாங்க ஒட்டி அனுப்புவோம், நீ வீட்ல உக்காந்து அறுப்பியா?" என்பான். "பின்னால போலீஸ் வந்தா தெரிய வேணாமா?" என்று தாத்தா சமாளிப்பார்.

அது பொய், கண்ணு. அறுக்கச் சொன்னது நான்.

பொட்டோசி என்ற சின்ன ஊரில் என் அம்மா தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்துவிட்டுக் கிளம்பினால் நடுச்சாலைக்கு வந்து கையாட்டுவாள். சாலை திரும்பும்வரை நகரமாட்டாள். நான் காருக்குள் பின்னால் காட்டும் மேல்கண்ணாடியில் பார்ப்பேன். அந்தத் தண்டு சரியாக அவள்மேல் விழுந்து மறைத்துவிடும். "எங்கம்மாவ மறைக்கிற அழகு எனக்கு வேணாம்" என்று ஒருநாள் அழுதேன். சனிக்கிழமை தாத்தா ரம்பத்தை எடுத்தார்; தண்டை அறுத்துவிட்டு ஒற்றைக் கண்ணாடி மாட்டினார். ஊரே கேலி செய்தது. என் பெயரை அவர் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு நாலு வருஷம் அம்மாவை முழுசாகப் பார்த்தேன்.

கார் உனக்குத்தான். சாவி மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. தண்டை உன் கலிபோர்னியாவுக்குப் போய் ஒட்டிக்கொள், இங்கே வேண்டாம். போன முறை டாக்ஸியில் போனாய். இந்த முறை காரை நீயே ஓட்டிக்கொண்டு போ. நம் தெருவும் நீளம்தான். நான் வாசலைத் தாண்டி வந்து நிற்பேன்.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். திருப்பம் வரும்வரை மட்டும் மெதுவாக ஓட்டு.

உன் பாட்டி,
ஓபல்