சாத்தாத கதவுகள்

திங்கள், காலை 7:30
நிலவுக் குடியிருப்பு, கிழக்குப் பிரிவு. காற்றழுத்தம் சரி. எழுதுபவள் ஷெறின், பத்தாம் வகுப்பு, பள்ளி ஒலிபரப்பு அறைப் பொறுப்பாளர். குமரிக் கரையைக் கடல் விழுங்கியதும் எங்களை ஊரோடு இங்கே கொண்டுவந்தார்கள். இதைக் கண்டெடுப்பவர் எங்களை முட்டாள்கள் என்று முடிவுகட்டும் முன் முழுவதும் படிக்கவும்.

இன்றும் விழிப்புணர்வு வகுப்பு. கதவு சாத்துவது எப்படி என்று குடியமர்வு அதிகாரி சுதர்சனம் பொம்மைப் படம் காட்டினார். படத்தில் ஒரு மீன் கதவைச் சாத்தியது. மீனுக்குக் கை வரைந்திருந்தார்கள். நடுக்கடல் புயலில் படகோட்டியவர்கள் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள்.

செவ்வாய், மாலை 6:00
ஆள் கடலில் இருக்கும்போது எங்கள் ஊரில் வீட்டுக் கதவைச் சாத்த மாட்டார்கள். சாத்தினால் அவர் இனி வர மாட்டார் என்று அர்த்தம். படகு வந்ததும் "கரை பிடிச்சாச்சு" என்று குரல் கொடுப்பார்கள். பிறகுதான் சாத்துவார்கள். இங்கே ஆண்கள் வண்டியில் பனிக்கட்டி வெட்டப் போகிறார்கள். வந்ததை யாரும் அறிவிப்பதில்லை. ஆகவே கதவிடுக்கில் எந்நேரமும் செருப்பு. நடைபாதையில் காற்று கசிந்தால் வீடுகளிலும் போய்விடும் என்று அம்மாவுக்கு விளக்கினேன். அப்பா வெளியே நிற்கும்போது கதவை அடைக்கச் சொல்லி எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று அம்மா கேட்டார்.

வண்டிகள் வந்ததும் அந்தக் குரலை ஒலிபரப்பலாமே என்று சுதர்சனத்துக்குச் செய்தி அனுப்பினேன். பதில்:
"பாப்பா, அது அங்கீகரிக்கப்பட்ட அறிவிப்பு இல்லை. ஊர்க்கூச்சலுக்கெல்லாம் அலைவரிசை தர முடியாது."
கை முளைத்த மீனை அங்கீகரித்திருக்கிறார்கள்.

வியாழன், மாலை 4:05
நில அதிர்வு. நடைபாதைக் கூரையில் விரிசல். காற்றழுத்தம் இறங்குகிறது. என் அறை தானாகப் பூட்டிக்கொண்டது. திரையில் எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்தே தெரிகின்றன. அபாயச் சங்கு ஊதுகிறது. தினமும் ஒத்திகைக்கு ஊதிய சங்கு, யாரும் அசையவில்லை.
சுதர்சனம்: "மக்கள் விழிப்புணர்வுடன் நடந்துகொள்ளவும்."
அப்பா வியாகுலத்தின் வண்டி மட்டும் திரும்பவில்லை.

4:09
வீடுகளிலும் வண்டிகளிலும் கேட்கும் ஒலிபெருக்கியில் நான் சொன்னது: "கரை பிடிச்சாச்சு. வியாகுலம் வண்டியும் வந்தாச்சு."
பொய்.
கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

4:30
எல்லா வீட்டிலும் காற்று இறங்காமல் நிற்கிறது. அம்மா வீட்டு இணைப்பில் என்னை அழைத்தார்:
"பாதைய தொறந்ததும் அப்பன நேரா வரச்சொல்லு மக்களே. சோறு வெச்சாச்சு."
சரி என்றேன்.

சுதர்சனத்திடம் தேடும் வண்டி கேட்டேன்.
"எதற்கு? எல்லாரும் வந்தாயிற்று, அறிவிப்பைக் கேட்டேனே. வகுப்புக்கு நல்ல பலன். மேலிடத்துக்கும் எழுதிவிட்டேன்."
நான் சொன்னது பொய் என்றேன்.
"பயந்துபோயிருக்கிறாய். தண்ணீர் குடி, பாப்பா."
இணைப்பைத் துண்டித்துவிட்டார். ஊர்க்கூச்சலை இப்போது அங்கீகரித்துவிட்டார்கள்.

4:50
வெளி அலைவரிசையில் இரைச்சல். பிறகு அப்பா:
"கரை பிடிச்சாச்சுன்னு எவம்லே சொன்னது? நான் இங்க கவுந்து கெடக்கேன். எல்லாரும் வந்தாச்சுன்னு வாசல் வெளக்கையும் அணைச்சிட்டானுவ."
சுதர்சனம் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை.
அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், எவன் சொன்னான் என்று.
பேசும் பொத்தானை அழுத்தினேன்: "அப்பா, அது..."