அவனுக்கு விதி கிடையாதா?

கல்கத்தா
9.1.1974

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் மூச்சிரைப்பு குறைந்ததா? நான் நலம்.

பள்ளியில் ஒரு பழைய ஆங்கில நாவல் நடத்துகிறேன். பணக்காரன் ஒருவன் ஏமாற்றிய பெண்ணை ஊரே விரட்டுகிறது. அவள் ஆற்றில் விழுந்து சாகிறாள். "பரீட்சையில் எல்லாம் விதி என்று எழுதுங்கள்" என்றேன். சிப்ரா என்ற பெண் எழுந்து, "தீதி, அவளுக்கு மட்டும்தான் விதியா? அவனுக்குக் கிடையாதா?" என்றாள். இங்கே டீச்சரை தீதி, அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். நம் வீட்டின் முதல் பி.ஏ. அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட்டாள்.

சௌந்தரம் அக்கா புகுந்த வீட்டில் காலடி வைத்த மாதமே மாமனார் இறந்தார் என்று அவளைத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது மாமியார் படுக்கையில் விழுந்ததும் அதே காலடி வேண்டியிருக்கிறது. அவள் தலையெழுத்து, போகத்தான் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்ற மகன் பக்கத்திலேயே இருக்கிறாரே, அவர் தலையில் ஒன்றும் எழுதவில்லையா அப்பா?

இங்கே சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை. என் அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. சாம்பார்ப் பொடியைப் பார்சலில் அனுப்ப வேண்டாம், அக்காவிடம் கொடுத்தனுப்புங்கள். ஹவுரா ஸ்டேஷனில் நான் நிற்பேன்.

மணி அடித்துவிட்டது. சிப்ரா இன்றும் கேட்பாள்.

உங்கள் மகள்
பூங்கோதை