சாத்திய கதவுக்குள் ஒரு வகுப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே உடம்பு மட்டும் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்குப் பட்டறையில் வேலை குறைவில்லை, முழங்கால் வலி வந்து வந்து போகிறது, அந்தத் தைலத்தை மட்டும் மறுபடி அனுப்பாதே, அதன் நாற்றத்துக்குப் பூனைகூட இந்தப் பக்கம் வருவதில்லை.

தம்பி விஷயம்தான் எழுத வேண்டும். இனிமேல் கல்லூரிக்குப் போகவே மாட்டேன் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றபோது, வீட்லேர்ந்தே கம்ப்யூட்டர்ல படிக்கட்டும்மா, புரியலன்னா எத்தனை தடவை வேணும்னாலும் போட்டுப் பாக்கலாம் என்று நீதான் சேர்த்துவிட்டாய், நீயும் அப்படிப் படித்துத்தான் இந்த வேலைக்குப் போனாய், அதனால் உன்மேல் எனக்கு வருத்தமில்லை. அவன் கதவைச் சாத்தியதும் வீடே வாயைப் பொத்திக்கொள்ளும். கம்ப்யூட்டரில் பாடம் நடத்தும் சாருக்குக் கேட்கும் என்று நான் மிக்ஸி போட மாட்டேன், அப்பா தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடுவார், குழந்தையை ஓடவிடாதே என்று மாடி வீட்டுக்காரியோடு சண்டைகூடப் போட்டேன். போன வாரம் காப்பி கொடுக்க உள்ளே போனால், சார் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார், இவன் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறான். எழுந்திருடா, சார் பாக்கறார்டா என்று பதறினேன். அவருக்கு யாரையும் தெரியாதும்மா, இது போன வருஷம் பேசி வச்சது என்றான். அப்பா அடக்கிய தும்மலை எல்லாம் நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

கல்லூரியிலும் அவன் கடைசி பெஞ்சுதான், பெரிய படிப்பாளி ஒன்றுமில்லை. ஆனால் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் என்னடா மூஞ்சி இப்படி இருக்கு என்று கேட்க அங்கே ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார், விலாவில் இடித்துச் சிரிக்கப் பக்கத்தில் ஒருத்தன் இருந்தான். இங்கே பாடமெல்லாம் இருக்கிறது, நல்ல பாடம் என்றே வைத்துக்கொள், இவனைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. திரும்பக் கல்லூரிக்கே போ என்றால் இடம் போய்விட்டது, கூடப் படித்தவர்கள் முடித்துக் கிளம்பிவிட்டார்கள். இந்தப் பரீட்சைக்கும் பெயர் கொடுக்கவில்லையாம். அப்பா கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், இப்போது அவனோடு பேசுவதையே விட்டுவிட்டார். எனக்கும் நம்பிக்கை விட்டுப்போய்விட்டதம்மா.

நேற்றும் கதவுக்கு வெளியே நின்றேன். எல்லாருக்கும் புரிஞ்சுதா என்று சார் கேட்டார், கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மனசு கேட்காமல் நான்தான் புரியலீங்க சார் என்றேன். ரொம்ப நல்லது, அடுத்த பாடத்துக்குப் போலாம் என்று அவர் போய்விட்டார்.

நீயாவது நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு. தம்பிக்குப் போன் செய்தால் படிப்பைப் பற்றிக் கேட்காதே. அவன் எடுக்க மாட்டான், எடுக்காவிட்டாலும் விடாமல் கூப்பிடு.

கதவுக்கு வெளியே இருக்கும்,
உன் அம்மா