சகலையின் கனமான ரெக்கார்டு

மார்ச் 3, ஞாயிறு

மதியம் சகலை வீட்டில் சாப்பாடு. என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டிக் கொடுக்கிற கம்பெனி வைத்திருக்கிறார். கை நிறையப் பணம், வாய் நிறையச் சிரிப்பு. போன வருடம் வரை பாட்டுக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ரேடியோவில் பற்பசை விளம்பரம் வந்தாலும் சேர்ந்து பாடுகிற ஆள். இப்போது என்னடாவென்றால் ஹாலில் ஒரு சுவர் முழுக்க ரெக்கார்டு.

அதுவும் சும்மா ரெக்கார்டு இல்லை. "சாதாரண பிரஸ்ஸிங்கெல்லாம் நான் தொடுறதே இல்லண்ணா" என்கிறார். தொடுறதே இல்லையாம்! பிரஸ்ஸிங் என்றால் ரெக்கார்டை அச்சடிக்கிற விதம். இவருடையதில் தட்டு கனமாக இருக்குமாம். மூல நாடாவிலிருந்து நேராக வெட்டினதாம். உலகத்துக்கே கொஞ்சம்தான் அச்சடித்தார்களாம், பெட்டியின் பின்னால் வரிசை எண் வேறு. ஒன்றின் விலைக்கு நான் பத்து ரெக்கார்டு வாங்கிவிடுவேன். பழைய சாமான் கடைகளில் முட்டி போட்டு, தூசியில் தும்மி, ஒவ்வொன்றாகச் சேர்த்தவன் நான். இவர் ஒரு வருடத்தில் பெரிய மனுஷராகிவிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் ஒன்றைப் போட்டார். வேறு எதையாவது போட்டிருக்கக் கூடாதா? கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னிடம் இருக்கிற ரெக்கார்டு அது. ஒரு பியானோ, ஆளுயர வயலின் மாதிரி ஒரு பேஸ், ஒரு பெண் குரல், அவ்வளவுதான். ஒவ்வொரு பாட்டையும் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஆரம்பிப்பாள். "இருமல்காரி" என்று என் மனைவிதான் பெயர் வைத்தாள்.

அந்த இருமல்காரியை இன்றைக்கு என் மனைவி சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முழுவதையும். கடைசிப் பாட்டில் கண் ஓரத்தில் தண்ணீர்.

"பாத்தீங்களாண்ணா, அண்ணி அழுறாங்க. அதான் பிரஸ்ஸிங்" என்றார் சகலை.

பதினெட்டு வருஷம் ஆச்சு கல்யாணமாகி. என் அறைக்குள்ள வந்து, என்கூட உக்காந்து, ஒரே ஒரு பாட்டு கேட்டிருப்பாளா இவ? கதவுகிட்ட வந்து "காபி வேணுமா"ன்னு கேப்பா, போயிடுவா. அங்க போய் அழுகையாம். வயிறு எரியுது. ஆமா, பொறாமைதான். என் டைரியில நான் எழுதுறதுக்கு எனக்கென்ன வெட்கம்?

மார்ச் 4, திங்கள்

காலையில் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "நேத்து பாட்டு பிடிச்சிருந்துதா?"

"ம்."

"அதே ரெக்கார்டு நம்மகிட்டயும் இருக்கு."

"தெரியுமே" என்று ஈரத் துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மார்ச் 5, செவ்வாய்

தெரியுமே. தெரியுமேன்னா என்ன அர்த்தம்?

மார்ச் 9, சனி

என் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று நல்ல கூட்டம். கண் சோதனைக்கு வருகிறவர்களிடம் நாள் பூராவும் நான் கேட்கிறது ஒரே கேள்வி: "இதுல தெளிவா தெரியுதா, இல்ல அதுலயா?" சந்தேகமாக இருந்தால் ஒரே லென்ஸை இரண்டு தடவை போட்டுப் பார்ப்பேன். பத்தில் எட்டுப் பேர் "ரெண்டாவதுதான் சார், பளிச்சுன்னு இருக்கு" என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. கேள்வி கேட்டால் வித்தியாசம் இருந்தாக வேண்டும் என்று கண்ணே முடிவு செய்துவிடுகிறது.

சகலையின் ரெக்கார்டும் அதே கதைதான். விலையைச் சொல்லிவிட்டுப் போட்டால் எந்தக் காதுக்கும் பளிச்சென்றுதான் இருக்கும். என் மனைவி பாவம், விலையைக் கேட்டு மிரண்டு அழுதிருப்பாள். இதை நினைத்ததும் மனசு லேசானது. மத்தியானம் இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

விலையை அவர் சாப்பாட்டுக்கு முன்பே சொன்னாரா, பின்னால் சொன்னாரா? மனைவியிடம் கேட்டேன். "எனக்கு விலையே தெரியாதே, எவ்ளோ?" என்கிறாள்.

போச்சு.

மார்ச் 13, புதன்

வாங்கிவிட்டேன். அதே பிரஸ்ஸிங். கடைக்காரர் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார், பிறந்த குழந்தையைக் கொடுக்கிற மாதிரி. கடையில் ஒளித்து வைத்திருக்கிறேன், பழைய ஃபிரேம்கள் போட்டு வைக்கிற அலமாரியில். இந்த வயசில் எனக்கு இது தேவையா? தேவைதான். இதில் ஒன்றுமே இல்லை என்று நிரூபிக்கிறதுக்காகத்தான் வாங்கினேன்.

மார்ச் 16, சனி

மனைவி தங்கையோடு துணிக்கடைக்குப் போன நேரத்தில் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக் கேட்டேன்.

இதைப் போடுவதே பெரிய வேலை. என் பழைய ரெக்கார்டு நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்று சுற்றுவது. இது நாற்பத்தைந்து. சகலையின் பிளேயரில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். என்னுடையதில் சுற்றுகிற தட்டைத் தூக்கி, அடியில் இருக்கிற ரப்பர் பெல்ட்டை விரலால் நெம்பி மாற்ற வேண்டும். ஒரு ரெக்கார்டில் இருந்ததையே இரண்டாகப் பிரித்து நாலு பக்கமாக்கியிருக்கிறார்கள். இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை எழுந்து திருப்பிப் போட வேண்டும். காசும் கொடுத்து உடற்பயிற்சியும் செய்!

கேட்டேன். பெல்ட்டை மாற்றிப் பழையதைக் கேட்டேன். மறுபடி புதியது.

நல்லாத்தான் இருக்கு. சனியன், நல்லாத்தான் இருக்கு. பின்னால் சரசரப்பு இல்லை. பேஸ்காரர் விரலை எடுத்த பிறகும் அந்தக் கம்பி அடங்குவது காதில் விழுகிறது. இவ்வளவு வருடம் அங்கே ஒன்றுமே இல்லை என்று நினைத்திருந்தேன்.

பத்து மடங்கு நல்லா இருக்கா? இல்லை. ஒரு மடங்குகூட இல்லை. ஆனால் நல்லா இருக்கிறது. ஆக, அவள் அழுதது நியாயம்தான். அந்த நியாயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

முடிவு பண்ணிவிட்டேன். வருகிற ஞாயிறு சகலை குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். முதலில் பழையது, அப்புறம் புதியது. என் ஸ்பீக்கர் அவருடையதைவிடப் பழசு, ஆனால் இடம் பார்த்து வைத்தது. இங்கே, என் அறையில், அவள் ஒரு தடவை கண்ணை மூட வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான். சகலை வந்து பார்க்கட்டும்.

மார்ச் 24, ஞாயிறு

மானம் போச்சு.

சாப்பாடு முடிந்து அக்காவும் தங்கையும் சமையலறையில் பேச்சில் இருந்தார்கள். சகலையை என் அறைக்குக் கூட்டிப்போய் என் நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் பக்கத்தில் நின்றேன். பழையதைப் போட்டேன். "நல்லாத்தான் இருக்குண்ணா, கொஞ்சம் போர்வை போத்தின மாதிரி" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த புதிய பெட்டியை எடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அண்ணா! நீங்களுமா!"

அந்தச் சந்தோஷத்தில் ஊசியை வைத்தேன். பேஸ் மெதுவாக ஆரம்பித்தது. அறையே அதிர்ந்தது.

"இதாண்ணா பிரஸ்ஸிங்" என்றார் சகலை. "அடிவயித்துல இறங்குது பாருங்க. என் வீட்டுலகூட இவ்ளோ கனம் வராது."

"இடம் அப்படி" என்றேன். மார்பு விம்மியது. "அவசரமே இல்லாம வாசிக்கிறான் பாருங்க."

"ஆமாண்ணா, மூச்சு விட்டு வாசிக்கிறான்."

பிறகு இருமல்காரி பாட ஆரம்பித்தாள். ஜலதோஷம் பிடித்த ஒரு மாமா, கிணற்றுக்குள்ளிருந்து யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. சகலை என்னைப் பார்த்தார். நான் சகலையைப் பார்த்தேன். வாயைத் திறக்க இருவருக்கும் பயம். ஏதோ சரியில்லை என்று சொல்லி, "உங்க காதுக்கு அது பிடிபடலைண்ணா" என்று அவர் சொல்லிவிட்டால்? அவருக்கும் அதே பயம்தான் போல. இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தோம். "என்ன ஆழம்!" என்றார். "ஆழம்தான்" என்றேன்.

கையில் கரண்டியோடு மனைவி கதவருகில் வந்து நின்றாள்.

"ஏங்க, இருமல்காரிக்கு என்ன வந்துச்சு? ஆம்பளை மாதிரி பாடுறா?"

சகலை பெட்டியை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தார்.

"பெல்ட்டை மாத்தலயா நீங்க? நாப்பத்தஞ்சுல ஓட வேண்டியதுதானே இது?"

பின்னாலேயே வந்த மச்சினி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. சகலை எழுந்து, "எனக்கு அப்பவே லேசா தோணுச்சுண்ணா" என்றார். தோணுச்சாம்! "அடிவயித்துல இறங்குது"ன்னு சொன்ன வாய்!

பெல்ட்டை மாற்றித் திரும்பப் போடக்கூட எனக்குத் தெம்பில்லை. வந்தவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

மார்ச் 25, திங்கள்

நேற்று முழுக்க வெட்கம். அதில் ஒன்றைக் கவனிக்கவே இல்லை. இன்று கடையில் ஒருவருக்கு லென்ஸ் மாட்டும்போதுதான் சுரீரென்று உறைத்தது. சமையலறையில் நின்றுகொண்டு, அந்த வேகம் தப்பு என்று இவளுக்கு எப்படித் தெரிந்தது? பெல்ட் என்று எப்படித் தெரியும்?

சாயங்காலம் வந்ததும் கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"பெல்ட் மாத்தும்போதெல்லாம் அதைத் திட்டுவீங்களே, வீடு பூரா கேக்கும். அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடங்க. ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் பக்கத்து ரூம்ல படுத்திருந்தேனே, ஞாபகம் இருக்கா? தினமும் அதைத்தானே போட்டீங்க."

ஞாபகம் இருந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்திருந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் என் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன்.

"உனக்குத் தொந்தரவா இருக்கும்னு கதவைச் சாத்திட்டுத்தானே போடுவேன்?"

"சாத்துவீங்க. நான் எழுந்து வந்து ஓசைப்படாம திறந்து வெச்சுட்டுப் போய் படுத்துப்பேன். தையல் இழுக்கும். அந்தக் கடைசிப் பாட்டு வர்றப்ப எனக்கு வலியே தெரியாது. அன்னிக்கு தங்கச்சி வீட்டுல அதைக் கேட்டதும் அந்த ஒரு மாசமும் அப்படியே வந்துடுச்சு. என்னமோ அழுகை வந்துருச்சு, போங்க."

எதன் மேல் பொறாமைப்பட்டேன் நான்? என் வீட்டுச் சத்தத்தின் மேலேயா?

"அப்போ ஏன் ஒரு தடவைகூட உள்ள வந்து உக்காரல?"

கத்தியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை அவள் முகத்தில்.

"எங்கங்க உக்காருறது? ஒரே ஒரு நாற்காலி. அதையும் ரெண்டு ஸ்பீக்கருக்கும் அளவெடுத்து நடுவுல போட்டு, இங்கதான் பாட்டு சரியா விழும், இதை யாரும் நகத்தக் கூடாதுன்னீங்க."

மார்ச் 26, செவ்வாய்

இன்னொரு நாற்காலிக்கு இடம் இருக்கிறதா என்று அறையை அளந்து பார்த்தேன்.

மார்ச் 31, ஞாயிறு

சகலை போன் செய்தார். அடுத்த கனமான பிரஸ்ஸிங் வந்திருக்கிறதாம், இதைவிட விலை கூட. "சேர்ந்து ஆர்டர் போடுவோமாண்ணா?" என்றார். பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டிருக்கும் போல. "என்ன ஓடுது? புதுசா?"

"புதுசுதான்."

"பெல்ட்?"

"அவ மாத்தினா."

இரண்டு பாட்டு முடிந்து ஊசி மேலே வந்தது. இந்த முறை திருப்பிப் போடுகிற முறை என்னுடையது. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு எழுந்து திருப்பிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து போட்டிருக்கிறோம். அறை சின்னது. ஒட்டினாற்போலத்தான் போட முடிந்தது. அவள் பக்கம் பியானோ தூக்கலாகக் கேட்கிறதாம். என் பக்கம் பேஸ்தான் கேட்கிறது. அதை அவரிடமும் சொன்னேன்.

"அப்போ நடுவுல யாருண்ணா உக்காந்திருக்கா?" என்றார் சகலை.

"யாரும் இல்ல."

"ஐயோ, அவ்ளோ காசு கொடுத்து வாங்கிட்டு!"

அவர் பேசிக்கொண்டே இருக்கும்போது கடைசிப் பாட்டு ஆரம்பித்தது. பிறகு பேசுகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.