தைலமரத்தின் கடைசி இதழ்

786

கொடைக்கானல் பஜார்,
நவம்பர் 1962

அன்பு மகன் நசுருதீனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், அதை நீ நம்ப வேண்டாம். பினாங்கில் அல்லாஹ் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், அந்த ஒரு நம்பிக்கையில்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அத்தாவுக்கு மூட்டுவலி, கடையில் சர்க்கரை மூட்டை ஈரத்தில் கசிகிறது, மழை விட்டபாடில்லை. அங்கேயும் மழை என்று எழுதியிருந்தாய், போன கடிதத்திலும் மழை, அதற்கு முந்தியதிலும் மழை. மழையைப் பற்றிச் சொல்ல எனக்கு மகன் வேண்டுமா தம்பி, ரேடியோ போதாதா?

உன் தங்கை சுலைகா மவுத்தாகி இரண்டாவது ரமலான் வரப்போகிறது. போன வாரம் அத்தாவுக்கும் எனக்கும் சண்டை. அவள் கன்னத்து மச்சம் வலப்பக்கம் என்றார் அவர், இல்லை இடப்பக்கம் என்றேன் நான். கத்திக் கத்திப் பார்த்தும் இரண்டு பேராலும் சத்தியம் செய்ய முடியவில்லை. பெற்று வளர்த்தவர்களுக்கே தெரியவில்லை. பெருநாளைக்கு ஸ்டூடியோவில் ஒரு போட்டோ எடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு பெருநாளும் தள்ளிப்போட்டோம், காய்ச்சல் முந்திக்கொண்டது. அவள் குரல் காதில் இருக்கிறது, முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது நசுருதீன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தப் பயத்தில்தான் உங்கள் கையெழுத்துப் பத்திரிகை ஞாபகத்துக்கு வந்தது. கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே அண்ணனும் தங்கையும் ஒளிந்துகொண்டு ‘தைலமரம்’ நடத்தியது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்கள். நீ ஆசிரியர், அவள் ‘மலைவாசி’ என்ற பெயரில் ஓவியர். சோறு பிசைகிற கையில் நீல மை இருந்தால் அம்மாவுக்குத் தெரியாதா? ஒரு இதழுக்கு ஒரே பிரதி, கை மாறி ஊர் ஊராகச் சுற்றி உன்னிடமே திரும்பி வரும். அப்படித் திரும்பியதை எல்லாம் நீ போட்டுவைத்த தகரப் பெட்டியைத் திறந்தேன். நம் ஊர்ப் பனி உள்ளே புகுந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளக் கட்டாகக் கிடந்தன. அத்தா பக்குவமாகத்தான் பிரித்தார், ஆனாலும் ஒரு பக்கத்து மூக்கு அடுத்த பக்கத்துக் கதையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குமேல் பிரிக்க வேண்டாம் என்று அழுதுவிட்டேன்.

அப்புறம் வடகவுஞ்சிக்குப் போனேன். அங்கே நம் கடைக்குப் பூண்டு போடும் காளியாயி ஒரு இதழைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டாள் என்று நீ முன்பு தங்கையிடம் திட்டிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்ததே. அவள் அதைப் பூண்டோடு சேர்த்து அடுப்புக்கு மேலே புகைமூட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். தாள் தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது, பூண்டு வாடை குப்பென்று அடிக்கிறது, ஆனால் பூசணமும் இல்லை பூச்சியும் இல்லை. அட்டையில் கூடையும் தலையுமாகக் காளியாயியே இருக்கிறாள், அந்தக் கோணல் பல் உட்பட. கொடுத்துவிடு என்று கெஞ்சினேன். “என் மூஞ்சி பாயம்மா, நான் எதுக்குத் தரணும்? ஒங்க மக கை பட்டதுன்னு வேணும்னா தொட்டுப் பாத்துக்கங்க” என்றாள். கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த இதழில் கேள்வி பதில் பக்கம் இருந்தது. ஊரார் முகத்தையெல்லாம் வரையும் மலைவாசி தன் முகத்தை எப்போது காட்டுவார் என்று காளியாயி மகன் கந்தவேல் கேட்டிருக்கிறான், அடுத்த இதழில் கட்டாயம் என்று நீ பதில் எழுதியிருக்கிறாய். கந்தவேலைப் பிடித்து, அந்த அடுத்த இதழ் வந்ததா என்று கேட்டேன். “பாத்தேம்மா, முக்காட்டுக்குள்ள லேசா சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. பொம்பளப் புள்ளயான்னு அசந்து போயிட்டேன். படிச்சு முடிச்சு வெரசா கன்னிவாடிக்குக் குடுத்து விட்டுட்டேன்” என்றான்.

அத்தா மூட்டுவலியோடு வத்தலக்குண்டு இறங்கி பஸ் மாறிக் கன்னிவாடிக்குப் போனார். அங்கே படிப்பகம் நடத்தும் நாச்சிமுத்துதான் உங்கள் கடைசி வாசகராம். “அதெப்பவோ உங்க மகனுக்குப் பினாங்குக்கே தபால்ல அனுப்பிட்டேனே, பத்திரமா வந்துச்சுன்னு பதில்கூடப் போட்டாரே” என்று சொன்னாராம். அத்தா திரும்பி வந்து இதைச் சொல்லிவிட்டுத் தொழுகைப் பாயை விரித்தார்.

ஆக அது உன்னிடம் இருக்கிறது. தங்கை போன பிறகும் இருந்தது, நீ மழையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோதெல்லாம் அங்கே உன் பெட்டியில் இருந்தது. உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத முடியவில்லை. கடல் தாண்டிப் போனவன், மையத்தை அடக்கம் செய்யக்கூட வர முடியாதவன், உனக்கு மிச்சம் அது ஒன்றுதான். அனுப்பினால் கப்பலில் தொலைந்துவிடுமோ என்று பயந்திருப்பாய், நாங்கள் பார்த்தால் உடைந்துவிடுவோம் என்று நினைத்திருப்பாய். நாங்கள் ஏற்கெனவே உடைந்துதான் கிடக்கிறோம் தம்பி. அந்த மச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நான் கபுர்க்குழிக்குப் போக மாட்டேன். நான் சண்டைக்காரியாகக் கேட்கவில்லை, பிச்சையாகக் கேட்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. ஊருக்கு வரும் நம்பிக்கையான ஆள் யாராவது இருந்தால் மெழுகுத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்துவிடு. இங்கே வந்ததும் பனி படாமல் காளியாயியின் புகைமூட்டத்தில் தொங்கவிடுவேன், பூண்டு வாடை அடித்தால் அடிக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. ஒவ்வொரு இதழின் கடைசிப் பக்கத்திலும் நீயே ஒரு விதி எழுதியிருக்கிறாய், படித்து முடித்தவர் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது, அடுத்த வாசகருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று.

இப்படிக்கு,
அடுத்த வாசகி,
உன் அம்மா மதீனா பீவி