புதுநன்மை அன்றைக்கு என்ன தின்றாய்?

ஆவூர்

அன்புத் தங்கை ஜாஸ்பினுக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு அக்கா மரிய செல்வி எழுதுவது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். லீவுக்கு வந்த ஷர்லி உன் குவைத்துக்கே திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அத்தான் வண்டியிலிருந்து விழுந்ததை உனக்குச் சொன்னோம். காலில் கட்டுப் போட்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. அன்றைக்கு நடந்த இன்னொன்றைத்தான் சொல்லவில்லை.

பேரன் குரலில் எவனோ போனில் அழுததை நம்பி ஆண்ட்ரூஸ் மாமா ஏமாந்தார் அல்லவா, அதற்குப் பிறகு கோயில் மண்டபத்தில் வயதானவர்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். சொந்தக்காரர் குரலைக் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடுகிறார்களாம். புது நம்பரில் யார் அவசரம் என்று அழுதாலும் கார்டு நம்பர், ஓடிபி எதையும் சொல்லாதீர்கள், வீட்டாருக்கு மட்டும் தெரிந்த கேள்வி ஒன்று கேளுங்கள், பதில் வராவிட்டால் வைத்துவிடுங்கள் என்று ஒரு போலீஸ்காரப் பெண் சொன்னாள். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். என்ன கேள்வி என்று கேட்டேன். "எம் புள்ளைகளுக்குத் தெரியும்" என்றாள்.

அத்தான் விழுந்தபோது நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் போன் நொறுங்கிவிட்டது. புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் காப்பீட்டு அட்டை நம்பர் கேட்டார்கள். அட்டை வீட்டு பீரோவில். ஒரு நர்ஸிடம் போன் வாங்கி, அட்டையை எடுத்து நம்பரைப் படிக்கச் சொல்லி அம்மாவிடம் அழுதேன். அவள் நிதானமாக, "புதுநன்மை அன்னிக்குப் பூசைக்கு முன்னாடி யாருக்கும் தெரியாம என்ன தின்னே?" என்று கேட்டாள்.

நான் என்னத்தைத் தின்றேன்? முதல் தடவை நன்மை அப்பம் வாங்குகிற பிள்ளை வெறும் வயிற்றோடு போகவேண்டும் என்றதால் எச்சில் விழுங்கக்கூடப் பயந்தவள் நான். "ஒண்ணும் திங்கலையேம்மா" என்றேன். "போடி, ஒங்காத்தாகிட்டப் போயிக் கேளு நம்பரை" என்று வைத்துவிட்டாள். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. அத்தானை விட்டுவிட்டு பஸ் ஏறி ஆவூர் வந்து அட்டையைக் கொண்டுபோனேன். அதுவரை அவர் வலியில் துடித்துக்கொண்டு கிடந்தார்.

பிறகு அம்மாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, தின்றவள் நீ. அம்மா அதைக் கோயில் சாமியாருக்கும் அப்பாவுக்கும் தெரியாமல் மறைத்திருக்கிறாள். இரண்டு பெற்றவளுக்கு ஞாபகம் நிற்பது ஒருத்தியின் திருட்டுத்தீனி.

அம்மா செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுத்தபடி செய்தாள். என் நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டும் பார்த்தாளாம், உடைந்த போன் எங்கே அடிக்கும்? ஆனால் அது நான்தான் என்று தெரிந்த பிறகும், "எம் மகளே கேட்டும் நான் சொல்லலையே" என்று தெருவெல்லாம் பெருமை. பெற்ற மகளிடமே ஏமாறாத தாய் என்று சாமியார் பூசையில் பாராட்ட, எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் நானும் தட்டினேன்.

பொறாமைதான், ஜாஸ்பின். மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதும் நான். நீ வாரம் ஒரு தடவை வீடியோவில் தலைகாட்டினால் போதும், மாதா தேரைக் கண்டதுபோல அவள் முகம் மலர்ந்துவிடும். பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

எனக்கும் ஒரு கேள்வி வை என்று நேற்று அம்மாவிடம் கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே வெகுநேரம் யோசித்தாள். கடைசியில், "நீதான் பக்கத்துலயே கெடக்கியே, ஒனக்கு எதுக்குடி கேள்வி?" என்றாள்.

நீ சொன்னால் கேட்பாள். என்னைப் பற்றி ஏதாவது ஒன்றைத் தேடிப் பார்க்கச் சொல். நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன், அவளாகத் தேடட்டும். அகப்படாவிட்டால், நீ அன்றைக்கு என்ன தின்றாய் என்று எனக்கு மட்டும் தெரியப்படுத்து. இன்னொரு தடவை ஆபத்து என்று கூப்பிட நேர்ந்தால், உன் பதிலைச் சொல்லியாவது அவள் மகளாகிக்கொள்கிறேன்.

உன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆண்டவர் துணை இருப்பார். ஆளுக்கொரு கேள்வியை இப்போதே மனதில் வைத்துக்கொள்.

உன் அக்கா,
மரிய செல்வி