ஜன்னல் கம்பியில் ஒரு பந்தயம்

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் இருமல் சௌக்கியமா?

உங்கள் ஜன்னல் கம்பியில் நான் கட்டிவிட்டு வந்த குச்சி பத்திரமா? அதில் சாம்பல் நிறத்தில் தாடி மாதிரி ஒட்டியிருக்கிறதே, அதுதான் லைக்கன், மரப்பட்டையில் பாசி மாதிரி வளர்கிற உயிர். எங்கள் ஆய்வகத்தில் அதை வைத்துத்தான் காற்றைச் சோதிக்கிறோம். அதற்கு வேர் கிடையாது. காற்றில் வருவதை அப்படியே உறிஞ்சும். காற்று கெட்டால் முதலில் வாடும்.

பந்தயம் ஞாபகம் இருக்கட்டும். மழைக்காலத்துக்குள் அது செத்தால் நீங்கள் தையல் மெஷினோடு என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பிழைத்தால் நான் வாயே திறக்க மாட்டேன். பஸ் டிப்போவுக்கு மேலே உட்கார்ந்து நீங்கள் இருமுவதைப் போனில் கேட்டால் எனக்குச் சாப்பாடே இறங்குவதில்லை, அப்பா.

நீங்கள் அதைத் தொடவே கூடாது.

உங்கள் வாலு

செப்டம்பர் 20

அன்பு மகளுக்கு,

மழை வந்தாச்சு, நான் ஜெயிச்சாச்சு! இதோடு போட்டோ வைத்திருக்கிறேன், பார். உன் தாடிக்காரன் தளதளவென்று இருக்கிறான்.

உன் வீட்டில் நான் என்ன செய்வேன், சொல்லு? இங்கே பொத்தான் அறுந்தால், "டெய்லரண்ணே, ஒரு நிமிஷம்!" என்று டிரைவர் படியேறி வருகிறார். அங்கே மாப்பிள்ளை டிவி ரிமோட்டைக் கையில் கொடுத்து உட்கார வைப்பார். நான் துருப்பிடித்தே போவேன், கண்ணு.

அப்பா

செப்டம்பர் 29

அன்புள்ள அப்பா,

போட்டோவைப் பார்த்து ஆய்வகமே சிரித்தது. நான் கட்டியது சாம்பல், இது மஞ்சள்! நூல் நிறம் துளி மாறினாலும் பிரித்துத் தைக்கிற டெய்லர், இதில் போய்க் கோட்டை விட்டுவிட்டீர்களே!

இந்த மஞ்சள் வகை வண்டிப் புகைக்கு அசராது. மற்றவை சாகிற இடத்தில் இது கொழிக்கும். உங்கள் சாட்சி என் கட்சிக்கு வந்துவிட்டது.

கோபமில்லை, அப்பா. நீங்கள் நன்றாக மூச்சு விட வேண்டும், அவ்வளவுதான்.

லைக்கனைப் போட்டுத் தொங்கவிட நாங்களே தைத்த வலைப்பை ஒன்றை இதோடு அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டுத் திட்டாதீர்கள்.

உங்கள் வாலு

அக்டோபர் 8

அடி வாலு,

சாம்பல் தாடிக்காரன் ஆகஸ்டிலேயே போய்ச் சேர்ந்தான். அவனை மாதிரி ஒருத்தனைப் பிடிக்க டிப்போ, பார்க், ஆஸ்பத்திரி என்று எல்லா மரத்தையும் தடவிப் பார்த்தேன். ஒருத்தன்கூட இல்லை. கிடைத்தவன் இந்த மஞ்சள் பயல்தான். அவன் இருந்த டிப்போ மரத்தடியில் எனக்கு இருமல் வந்து நிற்கவேயில்லை. உண்மையிலேயே பயந்துவிட்டேன், கண்ணு.

அது கிடக்கட்டும். இந்தப் பையைப் பார்த்தேன். இதற்குப் பெயர் தையலா? ஒரு பக்கம் இழுக்கிறது, ஒரு பக்கம் தொங்குகிறது. டெய்லர் மகள் என்று வெளியே சொல்லிவிடாதே, மானம் போய்விடும்! காற்றில் ஆடினால் உன் தாடிக்காரன் நடுத்தெருவில் விழுவான்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் வண்டியில் வருகிறது. பின்னாலேயே நான். ஜன்னல் பக்கம் இடம் ஒதுக்கி வை. மாப்பிள்ளையிடம் ரிமோட்டை அவரே வைத்துக்கொள்ளச் சொல்.

நான் வரும்வரை உங்கள் ஆய்வகத்தில் மற்றப் பைகளை யாரும் தொடவே கூடாது.

தோற்ற
அப்பா